கதை நிறுத்தப்படும் இடம்: ஆடை வடிவமைப்பாளர்களைப் பற்றிய வாழ்க்கை வரலாற்று நாடகங்கள்

ஒரு மனிதரின் வாழ்க்கையை இரண்டு மணி நேரத் திரைப்படமாக்க முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு, வாழ்க்கைக்கு இயல்பாகவே கதைப்பின்னல் கிடையாது என்பதாகும். பிறப்பு, வறுமை, உழைப்பு, காதல், வெற்றி, முதுமை என்பன ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவேயன்றி, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக அமைவதை நாம் அரிதாகவே காண்கிறோம். நாடகமோ காரண காரியத் தொடர்பை வேண்டி நிற்பது. எனவே, வாழ்க்கை வரலாற்று நாடகத்தை ஆக்குபவர் மூன்று தீர்மானங்களை எடுத்தேயாக வேண்டும். கதையை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, யாருடைய கண்களினூடாகச் சொல்வது என்பனவே அம்மூன்றுமாகும்.

இவை வெறும் தொழில்நுட்பத் தீர்மானங்கள் போலத் தோன்றக்கூடும். ஆயினும், கதைக்குரிய மனிதரைப் பற்றிய தீர்ப்பு இவற்றுள்ளேதான் அடங்கியிருக்கிறது. பாரிஸ் நகரின் ஆடை வடிவமைப்பாளர்களைப் பற்றி அண்மைய ஆண்டுகளில் வெளிவந்த படைப்புகள் இதனைத் தெளிவாக உணர்த்துகின்றன. 2009இல் கோகோ ஷனெல் பற்றிய ஒரு படமும், 2014இல் ஈவ் சென் லோரன் பற்றி ஒரே ஆண்டில் இரண்டு படங்களும், 2024இல் கிறிஸ்தியான் டியோரையும் ஷனெலையும் ஒருசேர நிறுத்திய பத்துப் பகுதித் தொடர் ஒன்றும் வெளியாகின. இவற்றைப் பக்கத்தில் வைத்து நோக்கினால், கதைப்பின்னல் என்பது எதனைக் காட்டுகிறது என்பதோடு எதனை மறைக்கிறது என்பதும் புலனாகும்.

தையல் மேசையில் நாடகம் இல்லை

ஆடை வடிவமைப்பாளரின் வாழ்க்கையை நாடகமாக்குவதில் தனியான சிரமமொன்று உண்டு. போர்வீரனின் கதைக்குப் போர்க்களமும், அரசியல்வாதியின் கதைக்குத் தேர்தலும் உச்சக்கட்டமாக அமைகின்றன. ஆடை வடிவமைப்பாளரோ நாள் முழுவதும் துணியை வெட்டுகிறார், ஊசியால் பொருத்துகிறார், அளவு பார்க்கிறார், பிரித்து மீண்டும் தைக்கிறார். பாரிஸின் பெரிய ஆடையகங்கள் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தமது புதிய ஆடைகளை அணிவகுத்துக் காட்டுகின்றன. வெற்றி கிட்டினாலும் அது ஆறு மாதத்துக்கே உரியது. அடுத்த பருவத்தில் அனைத்தும் புதிதாகத் தொடங்கப்பட வேண்டும். இத்தகைய வாழ்க்கையில் உச்சக்கட்டம் என ஒன்றைச் சுட்டிக் காட்டுவது எளிதன்று.

இதனாலேயே பல இயக்குநர்கள் தையல் மேசையை விட்டு விலகிக் காதல், குடி, போட்டி, துரோகம் ஆகியவற்றை நாடுகின்றனர். அப்பொழுது ஆடை வெறும் அலங்காரமாகிவிடுகிறது. கதாநாயகர் பாடகராகவோ ஓவியராகவோ இருந்திருந்தாலும் அதே கதையைச் சொல்லியிருக்கலாம் என்ற நிலை ஏற்படுகிறது. ஆடையையே கதையின் நகர்வுக்குக் காரணமாக்கும் படங்கள் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்றாக ஆன் பொந்தேன் இயக்கிய 'கோகோ அவான் ஷனெல்' என்ற படத்தைக் கொள்ளலாம். ஷனெல் ஆவதற்கு முந்திய கோகோ என்பது அத்தலைப்பின் பொருள். எட்மொண்ட் சார்ல்-ரூ எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலைத் தழுவிய இப்படத்தில் ஓட்ரி தொத்து கதாநாயகியாக நடித்தார்.

விதைத்து அறுக்கும் கதைப்பின்னல்

படம் ஒரு வண்டியின் பயணத்தோடு தொடங்குகிறது. தாயை இழந்த இரு சிறுமிகளை ஏற்றிச் செல்லும் அவ்வண்டி கன்னியாஸ்திரிகளின் அநாதை இல்லமொன்றின் வாசலில் நிற்கிறது. தந்தை வருவார் என ஞாயிறுதோறும் காத்திருக்கும் சிறுமியைக் காண எவரும் வருவதில்லை. அங்கிருந்து கதை பல ஆண்டுகளைத் தாண்டி, சிற்றூர்க் கேளிக்கையகத்தில் படைவீரர்கள் முன் பாட்டுப் பாடியும் பகலில் தையல் வேலை செய்தும் பிழைக்கும் இளம்பெண்ணிடம் செல்கிறது. பின்னர் அவள் செல்வந்தரான எத்தியேன் பல்சானின் மாளிகைக்கு அழைப்பின்றியே போய்ச் சேர்கிறாள். விருந்தினர் வரும்போது மறைந்திருக்க வேண்டியவளாகவும், விருப்பம்போல் அழைக்கப்படுபவளாகவும் அங்கே வாழ்கிறாள். பின்பு ஆங்கிலேயரான போய் கப்பெல் அவள் வாழ்வில் நுழைகிறார். அவர் வேறொரு பெண்ணை மணக்கப் போவதை அறிந்த பின்னும் அவள் அவரை விட்டு விலகுவதில்லை. பாரிஸில் தொப்பிக்கடை தொடங்க அவரிடமே கடன் பெறுகிறாள். 1919 டிசெம்பரில் கார் விபத்தில் கப்பெல் இறந்ததோடு படத்தின் முதன்மைக் கதை முடிகிறது.

மேலோட்டமாகப் பார்க்கையில் இது இரண்டு ஆண்களுக்கு இடையே நிற்கும் பெண்ணின் காதல் கதை. ஆனால் அதன் அடியில் இன்னொரு கதைப்பின்னல் ஓடுகிறது. அநாதை இல்லத்தில் சிறுமியின் கண்கள் கன்னியாஸ்திரிகளின் கறுப்பு வெள்ளை உடைகளில் பதிகின்றன. மாளிகையில் அவள் பல்சானின் உடைகளை எடுத்து வெட்டித் தனக்கேற்பத் தைத்துக்கொள்கிறாள். மற்றைய பெண்கள் இறகும் பூவும் குவித்த தொப்பிகளைச் சுமக்கையில், அவள் எளிய வைக்கோல் தொப்பியை அணிகிறாள். தோவில் கடற்கரையில் மீனவர்களின் கோடிட்ட மேலாடையைக் காண்கிறாள். நடன விழாவுக்குச் செல்ல, இடுப்பை இறுக்கும் கச்சு இல்லாத கறுப்பு ஆடை ஒன்றைத் தைப்பிக்கிறாள். ஒவ்வொரு காட்சியிலும் ஒரு விதை விழுகிறது. இறுதியில், கண்ணாடிகள் பதித்த படிக்கட்டின் உச்சியில் அவர் அமர்ந்திருக்க, அவர் வடித்த ஆடைகளை அணிந்த பெண்கள் வரிசையாக இறங்கி வரும்போது, அவ்விதைகள் யாவும் விளைந்திருப்பதைப் பார்வையாளர் அடையாளம் காண்கின்றனர்.

இக்கதைப்பின்னலின் சிறப்பு யாதெனில், அது தையற்கலையை விளக்கவுரை இன்றியே விளக்கிவிடுகிறது என்பதாகும். கச்சை நீக்கியது அழகியல் விருப்பினால் மாத்திரமன்று. ஓடவும் குதிரை ஏறவும் தன் காலில் நிற்கவும் வேண்டியிருந்த ஒரு பெண்ணின் தேவையினாலேயே என்பதை நாம் கண்முன்னே காண்கிறோம். இப்படத்தின் ஆடைகளை ஆக்கிய கத்தரின் லெத்தெரியே பிரான்சின் செசார் விருதைப் பெற்றதோடு, ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

நாடகத் தேவைக்காக வரலாறு சில இடங்களில் சுருக்கப்பட்டும் உள்ளது. படத்தில் சகோதரியாக வரும் அத்ரியேன் உண்மையில் ஷனெலின் தந்தையின் தங்கை. உண்மையான சகோதரிகளான ஜூலியாவும் அந்துவானெத்தும் கதையில் இல்லை. பலரை ஒருவராக்குவது இவ்வகை நாடகங்களில் வழமையான உத்தி என்பதால் இதனைப் பெருங்குறையாகக் கொள்ளத் தேவையில்லை. ஷனெல் தாமே தமது கதையைத் திருத்திச் சொன்னவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1883 ஓகஸ்ட் 19ஆம் நாள் சோமூர் நகரின் ஏழைகள் மருத்துவமனையில் பிறந்து, 1895இல் தாயை இழந்த அவர், அநாதை இல்லத்தைப் பற்றிப் பேசாது அத்தைமார் வளர்த்ததாகவே வாழ்நாள் முழுவதும் கூறி வந்தார்.

படிக்கட்டில் நேரும் தாவல்

படம் 1919உடன் முடிவது குற்றமாகுமா? தலைப்பே எல்லையை அறிவித்துவிட்டது என வாதிடலாம். ஒரு மனிதரின் எண்பத்தேழு ஆண்டுகளையும் காட்டும்படி எவரும் கேட்கவும் முடியாது. ஆனால் எல்லையை அறிவித்த படம் அந்த எல்லைக்குள் நிற்கவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. கப்பெலின் மரணத்திலிருந்து படம் ஒரே தாவலில் பிற்காலப் புகழின் உச்சியிலுள்ள அந்தக் கண்ணாடிப் படிக்கட்டுக்குச் சென்றுவிடுகிறது. அதாவது, பிந்திய பத்தாண்டுகளின் கனியைப் படம் பறித்துக்கொள்கிறது. அக்கனி பழுத்த காலத்தை மட்டும் காட்டாது விடுகிறது.

தாவிக் கடக்கப்பட்ட அக்காலத்தில் நிகழ்ந்தவை எவை? 1921இல் 'ஐந்தாம் இலக்க' வாசனைத் திரவியம் வெளிவந்தது. 1924இல் அதனைத் தயாரித்து விற்பதற்கென ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு வெர்தைமர் குடும்பத்துச் சகோதரர்களான பியரிடமும் போலிடமும் இருந்தது. ஷனெலுக்குப் பத்து வீதமே கிடைத்தது. இப்பங்கீடு நியாயமற்றது என அவர் நெடுங்காலம் கொதித்து வந்தார். 1939இல் போர் மூண்டதும் தமது ஆடையகத்தை மூடினார். 1940இல் ஜேர்மனியப் படைகள் பாரிஸுக்குள் நுழைந்தன. யூதர்களான வெர்தைமர் சகோதரர்கள் தொழிலையும் வீட்டையும் விட்டு அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தனர்.

ஷனெலோ, ஜேர்மனியர் தமக்கென எடுத்துக்கொண்ட றிட்ஸ் விடுதியிலேயே தங்கியிருந்து, ஹான்ஸ் குந்தர் வொன் டின்க்லாகே என்ற ஜேர்மனிய அதிகாரியோடு வாழ்ந்தார். 1941 மே மாதத்தில், அந்த வாசனைத் திரவிய நிறுவனம் இன்னமும் யூதர்களின் சொத்தாகவே உள்ளது எனச் சுட்டிக்காட்டி, அதனைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு அதிகாரிகளுக்கு எழுதினார். யூதர்களின் உடைமைகளைப் பறித்து மற்றையோருக்குக் கொடுப்பதற்கென இயற்றப்பட்ட சட்டங்களே அவரது கோரிக்கைக்கு அடிப்படையாக இருந்தன. ஆயினும், வெர்தைமர் சகோதரர்கள் யூதரல்லாத பெலிக்ஸ் அமியோ என்ற விமானத் தொழிலதிபரின் பெயருக்கு நிறுவனத்தை முன்கூட்டியே மாற்றியிருந்தமையால் அம்முயற்சி பலிக்கவில்லை.

1944இல் பாரிஸ் விடுவிக்கப்பட்டபோது கைதுசெய்யப்பட்ட ஷனெல் சில மணி நேரத்திலேயே விடுவிக்கப்பட்டார். பின்னர் பல ஆண்டுகள் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்துவிட்டு, 1954 பெப்ரவரி 5ஆம் நாள் மீண்டும் தமது ஆடைகளை அணிவகுத்துக் காட்டினார். அந்த மீள்வருகைக்குப் பணம் கொடுத்தவர் வேறு யாருமல்லர். தஞ்சம் புகுந்த நாட்டிலிருந்து திரும்பி வந்த பியர் வெர்தைமரே. எந்த நாடகாசிரியரும் கற்பனை செய்யத் தயங்கும் இத்திருப்பம் வாழ்க்கையில் நிகழ்ந்திருக்கிறது. ஆனால் 'கோகோ அவான் ஷனெல்' படத்தில் அதற்கு இடமில்லை. கதைக்குள் அகதிகள் வந்து சேருமுன்பே கதை நிறுத்தப்பட்டுவிடுகிறது.

இப்படத்திற்கு ஷனெல் நிறுவனம் தனது சேமிப்பிலிருந்த ஆடைகளைத் தந்து உதவியது என்பதும், கதாநாயகியான ஓட்ரி தொத்து அதே 2009இல் ஐந்தாம் இலக்க வாசனைத் திரவியத்தின் விளம்பரத்திலும் தோன்றினார் என்பதும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கன. நிறுவனம் கதையை மாற்றச் சொன்னதாக எவரும் கொள்ள வேண்டியதில்லை. வறுமையிலிருந்து எழுந்த பெண்ணின் கதை எவருக்கும் இடைஞ்சல் தராத கதையாகும் என்பதை உணர்ந்தாலே போதுமானது.

ஒரே வாழ்க்கை, இரண்டு படங்கள்

கதையைச் சொல்பவர் யார் என்ற மூன்றாவது தீர்மானத்தின் விளைவை 2014இல் வெளிவந்த இரு படங்களில் காணலாம். இரண்டுமே அல்ஜீரியாவின் ஒறான் நகரில் 1936இல் பிறந்து, டியோரின் மறைவையடுத்து 1957இல் தமது இருபத்தொராவது வயதிலேயே அவ்வாடையகத்தின் பொறுப்பை ஏற்ற ஈவ் சென் லோரனைப் பற்றியவை.

ஜனவரியில் வெளியான ஜலில் லெஸ்பெரின் படத்துக்கு, சென் லோரனின் வாழ்க்கைத் துணைவரும் வணிகப் பங்காளருமான பியர் பெர்ஜே ஆதரவளித்து அசல் ஆடைகளையும் வழங்கினார். அப்படத்தில் முதிய பெர்ஜே, மறைந்துபோன நண்பரை விளித்துப் பேசும் குரலே கதையைக் கொண்டு செல்கிறது. அறிமுகம், எழுச்சி, 1960இல் கட்டாய இராணுவ சேவையும் மனநிலைக் குலைவும், சொந்த ஆடையகம், போதைப்பழக்கம், 1976ஆம் ஆண்டின் பெருவெற்றி எனக் காலவரிசை பிசகாது படம் செல்கிறது. பியர் நினே நடித்த சென் லோரன் அதில் ஒரு மேதையும் நோயாளியும் ஆவார்; அவரைத் தாங்கி நிற்பவர் கதைசொல்லியே. யார் சொல்கிறாரோ அவரே கதையின் தூணாகி விடுவது இயல்புதான்.

பெர்ஜேயின் ஒப்புதல் இன்றி பேர்த்ரான் பொனெல்லோ எடுத்த படம் அதே ஆண்டு செப்ரெம்பரில் திரைக்கு வந்தது. 1967 முதல் 1976 வரையான பத்தாண்டுகளே அதன் களம். பொய்ப்பெயரில் விடுதியொன்றில் அறை எடுக்கும் கதாநாயகரோடு 1974இல் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லும் அப்படம், இறுதியில் முதியவரான அவரை வேறொரு நடிகரைக் கொண்டு இடையிடையே காட்டிக் காலத்தைக் குலைக்கிறது. ஓரிடத்தில் திரை இரண்டாகப் பிரிகிறது. ஒருபுறம் 1968ஐத் தொடர்ந்த ஆண்டுகளின் கிளர்ச்சிகளும் போர்களும் செய்திப்படங்களாக ஓட, மறுபுறம் அதே ஆண்டுகளின் ஆடைகளை அணிந்த பெண்கள் படிக்கட்டில் இறங்குகின்றனர். எந்த விளக்கமும் தரப்படவில்லை. பார்ப்பவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தையற்கூடத்துப் பெண்களின் வேலையையும், மொழிபெயர்ப்பாளர் ஒருவரினூடாக நடைபெறும் வணிகப் பேச்சுவார்த்தையையும் அப்படம் நீண்ட காட்சிகளாகவே வைத்திருக்கிறது. அழகுக்குப் பின்னால் கூலியும் கணக்கும் உள்ளன என்பதை அது மறக்கவில்லை.

இரு படங்களும் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான நிகழ்வுகள் இரண்டுக்கும் பொதுவானவை. ஆயினும் முதற்படத்தைப் பார்த்தவர் ஒரு பெருங்காதலின் கதையையும், இரண்டாவதைப் பார்த்தவர் தன் பெயரே வணிகப் பொருளாகிவிட்ட மனிதரின் கதையையும் பார்த்ததாகக் கூறுவர்.

ஒரு கேள்வியிலிருந்து தொடங்கும் தொடர்

2024இல் வெளிவந்த 'த நியூ லுக்' என்ற தொடர் வேறொரு வழியைத் தேர்ந்தது. 1955இல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் டியோர் மாணவர்கள் முன் தோன்றும் காட்சியோடு அது தொடங்குகிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஷனெல் தமது ஆடையகத்தை மூடிவிட்டிருக்க, டியோர் நாசிகளின் மனைவிமாருக்கு ஆடை தைத்தாராமே என்ற கேள்வி அங்கே எழுகிறது. கேள்வி உண்மையானதே. டியோர் அப்போது லூசியேன் லெலோங்கின் ஆடையகத்தில் பணிபுரிந்தார். அதன் வாடிக்கையாளரில் ஜேர்மனிய அதிகாரிகளின் குடும்பத்தினரும் இருந்தனர். கடையை மூடியவர் தூயவர், திறந்து வைத்தவர் கறைபட்டவர் என்ற எண்ணத்தைப் பார்வையாளர் மனதில் விதைத்துவிட்டு, கதை 1943க்குத் திரும்புகிறது.

அங்கிருந்து இரு இழைகள் அருகருகே நெய்யப்படுகின்றன. ஓர் இழையில் ஷனெல், முன்னர் கூறிய நிகழ்வுகளோடு வருகிறார். மற்றைய இழையில் டியோரும் அவரது தங்கை கத்தரினும் வருகின்றனர். எதிர்ப்பியக்கத்தில் பணியாற்றிய கத்தரின் 1944 ஜூலையில் பாரிஸில் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி, ராவென்ஸ்புறூக் முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1945இல் உயிரோடு திரும்பினார். 1947 பெப்ரவரி 12ஆம் நாள் டியோரின் முதலாவது அணிவகுப்பு நடைபெற்று உலகப் புகழ் பெற்றபோது, அன்று அறிமுகமான வாசனைத் திரவியத்துக்கு 'மிஸ் டியோர்' எனத் தங்கையை எண்ணியே பெயரிடப்பட்டது.

பத்துப் பகுதிகளாக நீண்டதனால் தொடரில் தொய்வும் உண்டு. உரையாடல்களிற் பல கற்பனையே. எனினும், எவரையும் நேரடியாகக் குற்றஞ்சாட்டாது, ஓர் இழையை மற்றொன்றின் அருகில் வைப்பதனாலேயே அது தனது தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. தொடக்கத்தில் கேட்கப்பட்ட கேள்வி, இறுதியை அடையும்போது அதே கேள்வியாக இருப்பதில்லை.

நாம் அறிந்த ஒன்று

புகலிட நாடுகளில் வாழும் நம்மில் பலர் இம்மூன்று தீர்மானங்களையும் நாடகக் கலை நூல்களில் கற்கவில்லை. அகதி விண்ணப்பத்தில் கற்றுக்கொண்டோம். எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது, எந்தச் சம்பவத்தை முதலில் கூறுவது, மொழிபெயர்ப்பாளரின் வாய்வழி அது எவ்வாறு வெளிவரும் என்று இரவிரவாக யோசித்தவர்கள் நம்மிடையே உள்ளனர். ஒரு திகதி மாறினால் முரண்பாடு எனவும், ஒரு சம்பவம் விடுபட்டால் அது நடக்கவேயில்லை எனவும் கொள்ளப்படலாம் என்ற அச்சத்தோடே நாம் நமது கதைகளை எழுதினோம். திரைப்படம் எடுப்பவருக்கு இருபது ஆண்டுகளைத் தாவிச் செல்லும் சுதந்திரம் உண்டு. அதே தாவலை விண்ணப்பதாரி செய்தால், அந்த இருபது ஆண்டுகளும் எங்கே என்று கேட்க ஓர் அதிகாரி எதிரில் அமர்ந்திருப்பார்.

இதனால் நமக்கு ஒரு பார்வை வாய்த்திருக்கிறது. விடுபட்ட ஆண்டுகளைத் தேடும் பார்வை அது. புலம்பெயர்ந்த தமிழரிடையே மேடை நாடகங்களும் குறும்படங்களும் தொடர்ந்து ஆக்கப்படுகின்றன. நம்மவரின் வாழ்க்கைகளும் அவற்றில் கதைகளாகின்றன. துன்பத்தில் தொடங்கி வெற்றியில் முடியும் கதை மேடையில் எளிதாகக் கைதட்டல் பெறும். எனினும், அத்தகைய கதையை எழுதுமுன் ஷனெலின் கண்ணாடிப் படிக்கட்டை நினைத்துக்கொள்வது நன்று. கதாநாயகர் கடந்துவந்த காலத்தில் அவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் அங்கேதான் சொல்லப்படாத நாடகம் காத்திருக்கும்.

கத்தரின் டியோரின் வாழ்க்கை அதற்குச் சான்று. போரின் பின் அவர் தமையனின் ஆடையகத்தில் பதவி எதனையும் நாடவில்லை. பாரிஸில் பூ வியாபாரம் செய்து வாழ்ந்தார். 1952இல், தம்மைச் சித்திரவதை செய்த கும்பல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது நேரில் சென்று சாட்சியம் அளித்தார். 2008ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். எந்தப் படத்துக்கும் தலைப்பாகாத அப்பெயரை, இனி அந்த வாசனைத் திரவியப் போத்தலைக் கடை யன்னலில் காணும்போதாவது நாம் நினைவுகூரலாம்.